லூர்தம்மா கொட்டவிருந்த வெள்ளைக்கரு

"அக்டோபர் 10, வியாழன், காலை 9.10. எதிர்வீட்டு அம்மாள் வாளியிலிருந்து எதையோ முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினார். தண்ணீர் இல்லை, தண்ணீர் அப்படி இழுபட்டு விழாது. கஞ்சியா, பசையா? அக்டோபர் 17, வியாழன்: அதே நேரம், அதே வாளி. காரணம் தெரியவில்லை."

போர்ச்சுகல் நாட்டின் அவெய்ரு நகரத்துக்கு நாங்கள் குடிவந்த ஆண்டில் என் நாட்குறிப்பில் எழுதிய வரிகள் இவை. தூத்துக்குடிப் பக்கத்துச் சாகுபுரத்து ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மாதிரி எடுத்த நேரம், எடுத்த இடம், எடுத்தவர் பெயர் மூன்றும் இல்லாத அளவீட்டை அங்கே யாரும் அளவீடாகவே மதிக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. அவெய்ருவுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆலையில் அதே வேலை கிடைத்து ஆகஸ்டில் வந்தோம். சுழல்முறை வேலை என்பதால் வியாழக்கிழமை காலைகளில் பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டு வாளி அப்படித்தான் கண்ணில் பட்டது.

அவெய்ருவைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்வதென்றால், தூத்துக்குடியிலிருந்து வெயிலை எடுத்துவிட்டால் கிடைப்பது. இங்கேயும் துறைமுகம் உண்டு. ஊரை ஒட்டி உப்பளம் உண்டு. ஆனால் நம் ஊரில் துறைமுகச் சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டும் மட்டும் உப்பு குவிந்து கிடக்கும். இங்கே கோடையில் மட்டும் சின்னச் சின்னப் பாத்திகளில் பொம்மைக் கோபுரங்கள்போல நிற்கும், முதல் மழையில் கரைந்துபோகும். ஊரை ஒட்டிய உப்புநீர்க் காயலிலிருந்து எழும் மூடுபனி காலையில் தெருவுக்குள் புகுந்தால் பத்து மணிக்குத்தான் கிளம்பும். உலரப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும். வந்த புதிதில் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று நம்மிடம் வந்து தங்கிவிட்ட இந்த ஊர்ச் சொற்களை எல்லாம் பட்டியல் போட்டுப் பெருமையாக வைத்திருந்தேன். வீட்டுச் சாவி தொலைந்துபோன அன்று மட்டும் அந்தப் பட்டியல் உதவியது.

என் மனைவி செல்வராணிக்கு அதுகூட உதவவில்லை. அவள் தூத்துக்குடியில் ஒரு பேக்கரி வீட்டுப் பெண். கடைக்குப் பின்னால்தான் வீடு. காலை ஐந்து மணிக்கு ரொட்டி வெளியே வரும் சத்தத்தில் கண்விழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் நின்று, மாலையில் முட்டை உடைத்து வளர்ந்தவள். திருமணமாகிச் சாகுபுரம் குடியிருப்புக்கு வந்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விடுவாள். அவெய்ருவில் அவளுக்குப் போக இடமில்லை. கடைக்காரர்கள் ஏதாவது கேட்டால் சிரிப்பாள், பிறகு கேட்பதற்கு முன்பே சிரித்தாள், பிறகு கடைக்கே போவதை நிறுத்திவிட்டாள். சோறும் பருப்பும் ரசமும்தான் அவள் சமையல். நான் வெளியே புதிதாக எது சாப்பிட்டாலும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு வந்து அவளிடம் வாசிப்பேன்.

"நீங்க தின்னு எழுதி வைங்க. எனக்கு ரசம் போதும்" என்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு முறை. பல்பொருள் அங்காடியின் ஒரு மூலையில் உப்பில் உலர்த்திய பெரிய பெரிய மீன்களைப் பலகைபோல அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கல்யாவ் என்று பெயர். "ஏங்க, கருவாட்டுக் கட!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு முழுவதையும் எடுத்த பிறகுதான் சமைப்பார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டைத் திரும்ப வைத்தாள். "உப்ப எல்லாம் எடுத்துட்டா அது பச்ச மீனுல்லா? பெறவு எதுக்குக் காயப்போட்டாங்க?"

எதிர்வீட்டுக்காரர்களை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் பெயர் பெர்னாந்து. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெயர் லூர்தெஷ். தூத்துக்குடியிலும் சகஜமான அந்த இரண்டு பெயரையும் கேட்டவுடன் செல்வராணி, "நம்ம கடைக்கு எதுத்தாப்புல இருக்க வேண்டிய ஆளுங்க, இங்கன எப்படி வந்தாங்க?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அந்த அம்மாள் லூர்தம்மாதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்ன மரப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சிப்பி வடிவத்திலும் மீன் வடிவத்திலும் வெள்ளைத் தின்பண்டம். மாதா கோவிலில் நற்கருணைக்குக் கொடுக்கும் அப்பம் போன்ற மெல்லிய ஓடு. உள்ளே மஞ்சளாக, தேன்போலக் கெட்டியாக ஒரு பாகு. ஓவுஷ் மோலெஷ் என்று இந்த ஊருக்கே உரிய இனிப்பு. லூர்தம்மா அதைத்தான் வீட்டில் செய்து ஒரு கடைக்குக் கொடுக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. செல்வராணி ஒன்றைக் கடித்து, நாக்கில் நிறுத்தி, "மஞ்சக்கருவும் சீனியும் மட்டுந்தான். லேசா பச்ச வாட அடிக்கி" என்று சொல்லிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புக்கும் வியாழக்கிழமை வாளிக்கும் நடுவில் பதினைந்து பக்கம்தான் இடைவெளி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மே மாதத்தில் மாமா, செல்வராணியின் அப்பா, போனில் பேசினார். பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொந்தக் கடை போடப் போய்விட்டானாம். "மாப்ள, ஒங்க வேலைய நான் விடச் சொல்லல. அவ அங்கன சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு இங்கன கல்லாவப் பாத்துக்கிட்டு இருக்கலாம்லா?" மறுநாள் செல்வராணி தானே உட்கார்ந்து பயணச்சீட்டு எடுத்தாள். ஜூலை 3, வியாழன். போவதற்கு மட்டும். நான் ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் ஊருக்குப் போவேன் என்பது ஏற்பாடு. கப்பலுக்குப் போனவர்களின் வீடுகளில் அப்படித்தானே நடக்கிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நாட்குறிப்பில் அந்தத் தேதியை எழுதி, அதற்குக் கீழே வேறு எதையும் எழுத முடியாமல் மூடிவைத்தேன்.

ஜூன் 14, சனிக்கிழமை, பெர்னாந்து எங்களைச் சாப்பிட அழைத்தார். ஜூன் மாதம் இங்கே சாளை, அதாவது மத்தி மீன், கொழுத்திருக்கும் காலம். வீட்டுக்கு வீடு முற்றத்தில் கரி மூட்டிச் சுடுவார்கள். தெருவே புகையாக இருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் பதினொன்றுக்கே போய் நிற்பது எங்கள் வழக்கம். முற்றத்தில் ஒரு பெட்டி நிறையச் சாளை, மேலே கல்லுப்பு தூவி இருந்தது. பெர்னாந்து ரொட்டி வாங்கப் போயிருந்தார். லூர்தம்மா உள்ளே உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். செல்வராணி பெட்டிக்குள் எட்டிப்பார்த்தாள்.

"ஏங்க, மீனு ஒண்ணுகூடக் கழுவாம கெடக்கு. பாவம், அந்தம்மா ஒத்தையில என்னத்தப் பாக்கும்?"

விருந்து வீட்டுக்கு முன்கூட்டியே போகும் பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரு பேச்சு உண்டு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்துக் குழாயடியில் குந்தினாள். கத்தியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அரிவாள்மணை இல்லாத குறையே தெரியவில்லை. செதில் பறந்தது, தலை போயிற்று, குடல் போயிற்று, கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீர் அலசல். ஒரு மணி நேரத்துக்குள் நாற்பத்திரண்டு மீன், நான் எண்ணினேன். பத்து மாதத்தில் அவள் கை இப்படி ஓடி நான் பார்க்கவில்லை. தெருப் பூனைகள் இரண்டு வந்து சேர்ந்துவிட்டன. "இந்த ஊருப் பூனையும் நம்ம ஊருப் பூனை மாதிரிதான் முழிக்கி" என்று சிரித்தாள்.

பெர்னாந்து ரொட்டியோடு திரும்பிவந்து அப்படியே நின்றார். பெட்டியைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார். என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்: "லிம்பு! எல்லாம் லிம்பு!" சுத்தம் என்று பொருள். அவர் தலையாட்டினார். "ஆமாம்," என்றார், "மிகவும் லிம்பு."

என்ன நடந்தது என்பது கம்பிவலையில் வைத்தபோதுதான் புரிந்தது. இந்த ஊரில் சாளையைச் செதிலோடும் தலையோடும் குடலோடும் முழுசாகத்தான் சுடுவார்கள். செதில் இருந்தால் தோல் கம்பியில் ஒட்டாது. வயிறு திறக்காமல் இருந்தால் கொழுப்பு உள்ளேயே உருகி நிற்கும். வெந்த மீனை ஒரு ரொட்டித் துண்டின்மேல் வைத்து, தோலை உரித்து, சதையை மட்டும் எடுத்துத் தின்று, கடைசியில் கொழுப்பு ஊறிய அந்த ரொட்டியைத் தின்பார்கள். விருந்தே அந்த ரொட்டிதான். எங்கள் மீன் கம்பியில் ஒட்டி, பிய்ந்து, துண்டு துண்டாகக் கரியில் விழுந்தது. பெர்னாந்து ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் மீட்கப் பார்த்தார். பிறகு லூர்தம்மா உள்ளே போய், அலமாரியிலிருந்து மூன்று டப்பாச் சாளையைக் கொண்டுவந்து திறந்து மேசையில் வைத்தார். சாளை விருந்தில் டப்பாச் சாளை. பெர்னாந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது. செல்வராணிக்கு வரவில்லை. கிளம்பும்போது லூர்தம்மா மீதி உருளைக்கிழங்கை ஒரு பீங்கான் தட்டில் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னாள்: "ஒரு மீனக் கழுவக்கூட இந்த ஊருக்கு நான் ஒத்துவரல. நீங்க மனச அலட்டிக்காதீங்க. மூணாந் தேதி நான் போயிருதேன்."

தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் அவள் எந்தக் கண்டத்திலும் மாறமாட்டாள். ஆனால் தான் சமைத்ததை வைத்துக் கொடுக்க இப்போது பயம். நான்கு நாள் தட்டு சமையலறையில் கிடந்தது. ஐந்தாம் நாள், ஜூன் 19, வியாழன், ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிப்பருப்பில் மிச்சமிருந்ததை எல்லாம் தட்டில் கொட்டி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். சமையல் வேண்டாத பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பின்னால் போனேன். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. லூர்தம்மா வாளியோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

செல்வராணி வாளிக்குள் பார்த்தாள். "ஐயய்யோ கொட்டாதீங்க! லூர்தம்மா, கொட்டாதீங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டே பாய்ந்து அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வாளியில் இருந்தது வெள்ளைக்கரு. அறுபது முட்டையின் மஞ்சளை ஓவுஷ் மோலெஷுக்கு எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய வெள்ளை. அக்டோபரிலிருந்து நான் தேதி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கஞ்சி.

தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் ஊர் மக்ரூன் என்பது வெள்ளைக்கருவும் சீனியும் பொடித்த முந்திரியும் மட்டுமே சேர்ந்த பண்டம். நுரை பொங்க அடித்து, காகிதக் கூம்பில் நிரப்பி, உச்சி கூராகப் பிழிந்து காயவைப்பார்கள். வாயில் வைத்தால் முதலில் முறுக்கு, அடுத்த நொடி ஒன்றுமில்லை. செல்வராணி ஒரு கையில் லூர்தம்மாவின் மணிக்கட்டையும் மறுகையில் முந்திரித் தட்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, சீனி எங்கன இருக்குன்னு கேளுங்க."

முதல் முயற்சி படுதோல்வி. லூர்தம்மாவின் மின்னடுப்பில் வைத்தார்கள். மேலே சிவந்தது, உள்ளே கோந்துபோல இழுத்தது. எடுத்துவைத்த அரை மணியில் காயல் ஈரம் புகுந்து எல்லாம் கையில் ஒட்டிக்கொண்டன. மாமாவுக்குப் போன் போட்டோம்.

"கரண்டு அடுப்புலயா மக்ரூன் போட்ட? ஏளா, ஒனக்கு எவன் சொல்லித்தந்தான்? நம்ம கடையில எப்படிப் போடுவோம்? ரொட்டி வெந்து எறக்கினப் பெறவு, வெறகு அடுப்பு மிச்சச் சூட்டுல. அது வேகக் கூடாது, காயணும். பத்து மாசத்துல மறந்துட்டியா?"

"அடுப்புக்கு நான் எங்கன போவேன்பா?"

"அதான் டிக்கெட்டு எடுத்திருக்கியே. இங்கன வா."

அவள் போனை வைத்த வேகத்தைப் பார்த்து லூர்தம்மா என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த போர்ச்சுகீசியத்தில் விறகு, ரொட்டி, பிறகு சூடு என்று கையால் படம் போட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, பெர்னாந்துவைக் கூப்பிட்டார். பெர்னாந்துவின் தங்கை பக்கத்துக் கிராமத்தில் இன்னமும் விறகடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறவராம்.

ஜூன் 28, சனிக்கிழமை. காலை ரொட்டி முழுவதும் விற்றுத் தீர்ந்த பிறகு, நண்பகல் 12.20க்கு அடுப்புக்குள் மூன்று தட்டு மக்ரூன் போயிற்று. ஆய்வுக்கூடத்து வெப்பமானியை நான் கொண்டுபோயிருந்தேன்: அடுப்பின் வாயில் நூற்றுப்பத்து டிகிரி. செல்வராணி உள்ளங்கையை அடுப்பு வாயில் நீட்டி, மனத்துக்குள் எண்ணி, "செத்த நேரம் தொறந்து வைங்க, இது கூடுதல்" என்றாள். என் வெப்பமானியை யாரும் மறுபடி கேட்கவில்லை. அந்தத் தங்கையும் அதேபோலத் தன் கையை நீட்டிப் பார்த்து, தலையாட்டி, பத்து நிமிடம் கழித்துக் கதவை மூடினார். ஆறு மணி வரை அந்த மூன்று பெண்களும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள் (லூர்தம்மாவும் நாத்தனாரும் ஒரே மொழிதான், ஆனால் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை). கதவைத் திறந்து எடுத்தபோது செல்வராணி ஒன்றை நகத்தால் தட்டினாள். கூரை ஓட்டைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது.

லூர்தம்மா ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார். "சுஷ்பீரு!" என்றார். வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து இங்கே செய்யும் ஓர் இனிப்பின் பெயர் அது.

"மக்ரூன்" என்றாள் செல்வராணி.

"சுஷ்பீரு. எங்களுடையது."

"மக்ரூன். தூத்துக்குடி. எங்க அப்பா கட."

இப்படி ஐந்தாறு முறை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, இருவர் வாயிலும் மக்ரூன். கடைசியில் லூர்தம்மா முந்திரியை நாக்கில் கண்டுபிடித்து, விரலை உயர்த்தி, இது சுஷ்பீருவில் இல்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மொழிபெயர்த்தேன்: "உங்கள் ஊரில் மஞ்சளை என்ன செய்வீர்கள்? கொட்டிவிடுவீர்களா?"

"கேக்குல போடுவோம்னு சொல்லுங்க. இவங்கள மாதிரி கொட்ட மாட்டோம்னும் சொல்லுங்க."

நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் லூர்தம்மா பின்னால் திரும்பி, முட்டை உடைப்பதுபோலக் கையைக் காட்டி ஏதோ சொன்னார். செல்வராணி என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள். வீட்டு வாசலில் இறங்கி நின்றபிறகுதான் என்னிடம் திரும்பினாள். "வாரவியாழன் முட்ட ஒடைக்க வரச் சொன்னாங்க. ரெண்டு கிண்ணம் வச்சு ஒடைப்பாங்களாம், மஞ்ச அவங்களுக்கு, வெள்ள எனக்கு. வாரேன்னு சொல்லிட்டேன்."

"வாரவியாழன் மூணாந் தேதி."

"எனக்குத் தெரியாதா? டிக்கெட்டு நான்தானே எடுத்தேன்."

மே மாதப் பக்கத்தில், ஜூலை 3 என்ற தேதியின் கீழ் காலியாக விட்டிருந்த இடத்தில், அவள் வியாழன் காலை 8.50க்குத் தெருவைக் கடந்தாள் என்று பிறகு எழுதினேன். பயணச்சீட்டை மாற்ற முடிந்தது. புதிய சீட்டு ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு, இருவருக்கும், போகவர.

இதை எழுதிக்கொண்டிருப்பது தூத்துக்குடியில், மாமாவின் பேக்கரிக்குப் பின்கட்டில். பனிமயமாதா கோவில் திருவிழா முடிந்து வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பும் நேரம். ஆளாளுக்கு இரண்டு டப்பா மக்ரூன் கேட்கிறார்கள். வந்த அன்று லூர்தம்மா கொடுத்தனுப்பிய மரப்பெட்டியை மாமா திறந்து, சிப்பி ஒன்றைக் கடித்தார். "மஞ்சக்கரு மட்டுமா?" என்றார். "அப்ப வெள்ளைய என்ன பண்ணுதானுவ?" செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அடுப்புக்கும் கடைக்கும் இனி யார் என்பதை மாமா இன்னும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்பார். கேட்கும் வரை அவள் காலை முதல் மாலை வரை மேசைக்கு முன்னால் நின்று முட்டை உடைக்கிறாள்.

இன்று காலை கல்லாவிலிருந்து மாமாவின் சத்தம் கேட்டது. "ஏளா! எதத் தள்ளுத?" எட்டிப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் இரண்டு கிண்ணம். மஞ்சளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி, லூர்தம்மா செய்வதுபோலவே உடையாமல் தனக்கு நேரே இருந்த கிண்ணத்தில் இறக்கியிருந்தாள். மக்ரூனுக்கு வேண்டிய வெள்ளை, மேசையின் ஓரத்தில், யாரோ வந்து எடுத்துப்போக வேண்டியதுபோல நின்றது. அவளும் அப்போதுதான் பார்த்தாள். மாமா முணுமுணுத்துக்கொண்டே கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தார். அடுத்த முட்டையை எடுத்த அவள் கை ஒரு நொடி இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் நின்றது.

குறிப்பு: எங்கள் மக்ரூன் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்று ஊரில் பலர் சொல்கிறார்கள், லூர்தம்மாவும் அப்படித்தான் சாதிக்கிறார். மாமா, கொழும்பிலிருந்து வந்த ஒரு பேக்கரிக்காரர் கொண்டுவந்தது என்கிறார். இந்த விடுப்பில் பழைய பேக்கரிகள் மூன்றில் விசாரித்தேன், மூன்று பதில்கள் கிடைத்தன. அவெய்ரு நூலகத்தில் தேடியவரை எதுவும் அகப்படவில்லை. தேதியோடும் பெயரோடும் ஓர் ஆவணம் கண்ணில் படும்வரை, எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்பது சரிபார்க்கப்படாத செய்தி.